மகளின் அறையில் ஒரு லவண்டர்

என் வீட்டுப் பின்வளவில், ஆற்றைப் பார்த்தபடி, சதுரமாக ஓர் அத்திவாரம் கிடக்கிறது. முழங்கால் உயரம், நாலு பக்கமும் கருங்கல், உள்ளே மணல். அதற்கு மேல் சுவர் எழும்பவில்லை. புத்தகங்களில் வாவி என்று எழுதுவார்கள். நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். பிரான்சில் இருக்கும் என் மகள் பிள்ளைகளோடு வந்தால், அந்த ஆற்றுக்காற்று படத் தூங்கட்டும் என்று நான் கட்டத் தொடங்கிய அறை அது.

மேசன் அத்திவாரத்தை முடித்த கிழமை அதைப் போனில் மகளுக்குக் காட்டினேன்.

“ஏன் அம்மா வீண் வேலை? நாங்க வந்தா ஹோட்டல்ல நிப்பம். புள்ளையளுக்கு ஏசி இல்லாம நித்திரை வராது” என்றாள்.

அவள் சொன்னதில் பிழையில்லை. பிள்ளைகள் அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள். நான் மேசனை நிறுத்திவிட்டேன். மிஞ்சிய கருங்கல்லும் சல்லியும் அத்திவாரத்துக்குள்ளேயே குவிந்து கிடந்தன, கோழிகள் ஏறி நின்று அதை அசிங்கப்படுத்தின. ஆனாலும் அதை மகளின் அறை என்று சொல்வதை நான் நிறுத்தவில்லை. “மகள்ட அறைக்குள்ள ஆடு நிக்குது, ஓடிக் கலைங்க” என்று வேலிக்கு அப்பால் சத்தம் போட்டால் பக்கத்து வீட்டுக்காரிக்கு விளங்கும்.

நான் மருத்துவிச்சியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். இந்தப் பக்கத்தில் எல்லாரும் என்னை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். சந்தைக்குப் போனால் மீன்காரனும் என் கையில் பிறந்தவன், காத்தான்குடிக் கடையில் துணி கிழித்துத் தருகிறவனும் என் கையில் பிறந்தவன். எல்லாரும் சிரிப்பார்கள், சுகம் கேட்பார்கள். ஒருவரும் என் கேற்றைத் திறந்து உள்ளே வருவதில்லை. வீட்டுக்காரர் இறந்த வருடம் வந்தார்கள், பிறகு அதுவும் நின்றது. பிள்ளை பிறக்கிற வீட்டுக்குத்தானே மிஸ்ஸி தேவை. பிறந்து முடிந்த ஊருக்கு நான் எதற்கு?

சேர்ச் மாதர் சங்கத்தோடு நுவரெலியாவுக்கு ஒரு பயணம் போனபோதுதான் அந்தச் செடியைக் கண்டேன். பூங்கன்று விற்கிற இடத்தில் சாம்பல் பூசியது போல ஒரு பச்சை, ஓரமெல்லாம் சின்னச் சின்னப் பல் வைத்த இலை. ஒரு சாண் உயரம்கூட இல்லை. இலையை நசுக்கி மணந்தேன். பவுடர் டப்பாவுக்குள் மூக்கை விட்டது போல இருந்தது. லவண்டர் என்றார்கள். அறுபது வயது வரைக்கும் அந்த வாசத்தை நான் பவுடரிலும் சவர்க்காரத்திலும்தான் கண்டிருக்கிறேன், அதற்கு ஒரு செடி இருக்கும் என்று யோசித்ததே இல்லை. இது குட்டை இனம், பெரிதாக வளராது என்று விற்றவர்கள் சொன்னார்கள். இரண்டு கன்று வாங்கினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் மற்றவர்கள் மடியில் லீக்சும் கரட்டும் வைத்திருந்தார்கள், நான் இந்த இரண்டையும் வைத்திருந்தேன்.

முதல் கன்றை எங்கள் ஊர் முறைப்படி வளர்த்தேன். வவுணதீவில் வயல் செய்கிற ஒருவரிடம் சொல்லி வயல் வட்டையிலிருந்து நல்ல வண்டல் மண் எடுப்பித்தேன். ஆட்டெரு கலந்தேன். வெயில் படாமல் தென்னங்கிடுகு மறைத்துக் கட்டினேன். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். கத்தரிக்காய் என்றால் கொத்துக் கொத்தாகக் காய்த்திருக்கும். இது அடியிலிருந்து கறுத்து, தலை கவிழ்ந்து, இரண்டு கிழமைக்குள் போய்விட்டது. சாப்பாடு கொடுத்தே கொன்றிருக்கிறேன்.

மகளிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். அவள் இருப்பது பிரான்சின் தெற்கே, கடல் பக்கம்.

“அம்மா, இங்க அது கல்லுக்குள்ள வளருது. ஆரும் தண்ணி ஊத்துறேல்ல. பாருங்க” என்று போனைத் திருப்பிக் காட்டினாள். அவளுடைய வீட்டுக்கு எதிரே ஒரு கற்சுவர், அதன் பிளவுக்குள் அதே சாம்பல் பச்சை. “அதுக்கு வெயிலும் கல்லும் காணும் அம்மா. தண்ணி கூடினாச் செத்துப்போகும். தொந்தரவு செய்யாம விட்டா அது பாட்டுக்கு இருக்கும்.”

கல் என்றதும் எனக்கு அத்திவாரம் நினைவுக்கு வந்தது. உள்ளே குவிந்து கிடந்த கருங்கல்லைப் புரட்டி, தெற்குப் பக்கமாகப் படிப்படியாக அடுக்கினேன். நடுவில் பருமணலும் சல்லியும் போட்டேன். மாங்கேணியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனபோது, கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்த முருகைக்கல் துண்டுகளையும் சிப்பி ஓடுகளையும் பையில் பொறுக்கி வந்தேன். சுண்ணாம்பு மண் அதற்குப் பிடிக்கும் என்று மகள் சொல்லியிருந்தாள். வண்டல் ஒரு பிடிகூடப் போடவில்லை. இரண்டாவது கன்றைக் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் வைத்து, கழுத்தைச் சுற்றிச் சல்லி பரப்பினேன்.

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய புருசன் ஆற்றில் தோணி வைத்து மீன் பிடிக்கிறவன். வீட்டில் எந்நேரமும் மீன், அவள் கையில் எந்நேரமும் மீன் கழுவுகிற பேசன்.

“என்ன மிஸ்ஸி, செடியக் கல்லுக்குள்ள அடக்கம் பண்ணுறீங்களா?” என்று கேட்டாள்.

“உன்ர வாயைக் கொஞ்சம் அடக்கம் பண்ணு” என்றேன்.

அந்த நாட்களில் மகள் போன் எடுக்கும்போதெல்லாம் ஒரே பல்லவி. “தனிய இருந்து என்ன செய்யப்போறீங்க? இங்க வாங்க அம்மா.” நானும் ஒரே பதிலைத்தான் சொல்வேன். “அந்தக் குளிருக்குள்ள வந்து நான் சாகவா?” வரமாட்டேன் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அது பழகிப்போயிருந்தது. உண்மையில் எனக்குப் போகவேண்டும் போலிருந்தது. பேரப்பிள்ளைகளின் தலையை ஒருநாளாவது என் கையால் வாரிவிடவேண்டும், நான் ஆக்கிய சோற்றை இன்னொருவர் சாப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஆனால் ஓமென்று உடனே சொன்னால், கூப்பிடுவார்களோ என்று காத்துக் கிடந்தவள் போலாகிவிடுமே என்று ஒரு வறட்டுக் கௌரவம்.

செடி கல்லுக்குள் வேர் பிடித்துப் புதுத் துளிர் விட்ட பிறகு ஒருநாள் மகள் அதே பல்லவியைத் தொடங்கினாள். அன்றைக்கு நான் கொஞ்சம் இறங்கி வந்தேன்.

“இஞ்ச பார் மகள். உங்கட ஊர்ச் செடி எங்கட மாரியைத் தாண்டுமெண்டா, நானும் உங்கட பனியைத் தாண்டுவன். இது தப்பட்டும், நான் வாறன்.”

“சொன்ன சொல் மாறக்கூடாது அம்மா!”

“மாறமாட்டன்.”

அவள் கைதட்டிச் சிரித்தாள். பேரப்பிள்ளைகளையும் கூப்பிட்டு அவர்களுடைய பாஷையில் ஏதோ சொன்னாள். எனக்குக் காது கொஞ்சம் மந்தம், போனை உரக்க வைத்துத்தான் பேசுவேன். அந்தப் பேச்சு வேலிக்கு அப்பாலும் கேட்டிருக்கும் என்பதைப் பற்றி நான் அன்றைக்கு யோசிக்கவில்லை.

கச்சான் காற்று தொடங்கியது. எங்கள் பக்கத்துக் கச்சான் காற்று மேற்கிலிருந்து சூளை வாயைத் திறந்துவிட்டது போல வீசும். கொடியில் போட்ட துணி கை எடுக்குமுன் காயும். வளவில் இருந்த குரோட்டன் சுருண்டது, ரோசா கருகியது, தென்னம்பிள்ளைகள் ஓலையைத் தொங்கப் போட்டன. லவண்டர் மட்டும் அத்திவாரத்துக்குள் சாவகாசமாகப் பருத்தது. பந்து போல உருண்டு, கல்லோடு ஒட்டிக்கொண்டு, பகல் முழுக்க வெயிலைக் குடித்தது. எனக்கு அந்தக் குணம் அவ்வளவு பிடிக்கவில்லை. தண்ணீர் வேண்டாம், எரு வேண்டாம், ஆள் வேண்டாம். நான் பிள்ளை பிறக்கிற வீட்டில் ஒரு நிமிடம் கை கட்டி நின்றதில்லை. இங்கே எட்டி நின்று பார்ப்பதுதான் வேலை என்றால் எனக்குத் தண்டனை அல்லவா? இருந்தாலும் காலைத் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு போய் அத்திவாரக் கல்லில் உட்கார்ந்துதான் குடிப்பேன். “பெரிய மனுசி, எப்படி இருக்கிறாய்?” என்று கேட்பேன். அன்றைக்கு நான் வாய் திறந்து பேசுகிற முதல் பேச்சாக அதுதான் இருக்கும். சில நாட்களில் கடைசிப் பேச்சும் அதுவே.

மகள் முன்புபோல அடிக்கடி எடுப்பதில்லை. வேலை மாறிவிட்டது, பிள்ளைகளுக்கு வகுப்புகள். எடுக்கும்போதும் ‘வாங்க அம்மா’ என்ற பல்லவி நின்றுபோயிருந்தது. அதை நான் கவனித்தேன். மாரி முடியட்டும், செடி தப்பட்டும் என்று காத்திருக்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

ஆகவே நான் ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு வேலை செய்தேன். கொழும்புக்குப் போய்ப் பாஸ்போட்டுக்குக் கொடுத்தேன். கண் டொக்டரிடம் போவதாகப் பக்கத்து வீட்டுக்காரியிடம் பொய் சொல்லி, கோழிகளைப் பார்க்கும்படி மட்டும் கேட்டேன். “செடியைத் தொடவே வேணாம்” என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். படமெடுக்கிற இடத்தில் சிரிக்கக்கூடாது என்று சொன்னார்கள். எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது.

ஒரு கிழமை கழித்துத் திரும்பி வந்து அத்திவாரத்துக்குப் போனால், மீன்சந்தை நாற்றம். சல்லிக்கு மேல் மீன் செதில் மினுங்கியது. எறும்பும் இலையானும் மொய்த்துக் கிடந்தன. செடியின் அடி இலைகள் கறுத்து வழுவழுத்துப் போயிருந்தன.

எங்கள் ஊரில் மீன் கழுவின தண்ணியை வீணாக ஊற்ற மாட்டார்கள். அது கறிவேப்பிலைக்கும் ரோசாவுக்கும் முருங்கைக்கும் போகும். அதை ஊற்றினால் கறிவேப்பிலை காடாகும். ஒருவர் மற்றவரின் மரத்துக்கு அதை ஊற்றுவது இங்கே ஒரு பட்சம், ஓர் அன்பு.

“உனக்கு நான் என்ன சொல்லிட்டுப் போனன்?” வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

“பாவமெண்டு ஊத்தினன் மிஸ்ஸி. வெயிலுக்க காஞ்சு கிடந்திச்சு” என்றாள். முகத்தை நேரே பார்க்கவில்லை. பேசனை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே கிறுகிப் போய்விட்டாள்.

பட்சத்தில் செய்தவளை என்ன சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு வேலையில் இறங்கினேன். கறுத்த கிளைகளைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். சுற்றியிருந்த மணல் முழுவதையும் அள்ளிக் கொட்டி, காய்ந்த மணலும் புதுச் சல்லியும் போட்டேன். வேரில் பாதி நல்லதாக இருந்தது. மூச்சில்லாமல் பிறந்த பிள்ளையைக் குப்புறப் போட்டு முதுகைத் தடவுகிறபோது மனம் எப்படிப் பதறுமோ, அப்படிப் பதறியது. ஒரு மாதம் அது வளரவுமில்லை, சாகவுமில்லை. பிறகு ஒருநாள் வெட்டிய இடத்தில் பச்சைப் பொட்டு ஒன்று கண்டேன். அத்திவாரக் கல்லில் உட்கார்ந்து அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மாரி வந்தது. மற்றவர்கள் வெயிலுக்குப் பந்தல் போடுகிறவர்கள். நான் மழைக்குப் போட்டேன். நாலு கம்பு நட்டு, கூரையிலிருந்து கழற்றி வைத்திருந்த பழைய தகரத்தைச் சரிவாகக் கட்டினேன். பக்கம் நாலையும் காற்றுக்குத் திறந்து விட்டேன். மேலிருந்து வருகிற மழையை அப்படிச் சமாளித்தேன். கீழிருந்து வருகிற தண்ணீரை என்ன செய்வது? மழை விடாமல் பெய்தால் ஆறு நிரம்பும். கடலுக்குப் போகிற வாயை மணல் மூடியிருந்தால் தண்ணீர் போக வழியில்லாமல் எங்கள் வளவுகளுக்குள் ஏறும். அந்த மணலை வெட்டி விடுவதைத்தான் ஆற்றுவாய் வெட்டுவது என்போம். எப்போது வெட்டுவது என்பதில் எப்போதும் இழுபறி. வயல்காரர் வட்டை மூழ்குது, வெட்டு என்பார்கள். மீன்காரர் பொறு, இறால் எல்லாம் கடலுக்கு ஓடிவிடும் என்பார்கள். என் வாழ்நாளில் நான் இரண்டு பக்கமும் சேர்ந்ததில்லை. அந்த வருடம் வயல்காரரை விட மோசமாக நான், “இன்னும் வெட்டல்லையா, இன்னும் வெட்டல்லையா” என்று றேடியோவுக்குப் பக்கத்தில் கிடந்தேன்.

வளவில் கணுக்கால் அளவு தண்ணீர் வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் பாயும் சட்டி பானையும் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார்கள். அவள் என் வாசலில் வந்து நின்றாள்.

“வாங்ககா மிஸ்ஸி, ஒண்டாப் போவம்.”

“நான் வரல்ல. வீடு உயரம், உள்ளுக்கு வராது.”

“ஒரு பத்தைக்காகவா தனியக் கிடக்கப்போறீங்க?”

அவள் வரும்போது கொண்டுவந்திருந்த ரொட்டிப் பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு சுற்றியுள்ள ஒரு வீட்டிலும் வெளிச்சமில்லை, தவளைச் சத்தம் மட்டும்தான். போன் சார்ஜ் இறங்கிவிட்டது. நான் குடையும் தடியுமாகப் போய்ப் போய் அத்திவாரத்தைப் பார்த்தேன். தண்ணீர் முதல் வரிக் கல்லை மூடியது. மறுநாள் இரண்டாவது வரியின் பாதிக்கு வந்தது. நடுவில் என் செடி தகரத்தின் கீழ் உலர்ந்த கல்லில், தீவுக்காரி மாதிரி இருந்தது. “நீயும் நானும்தான்” என்றேன். அந்த நேரத்தில் எனக்கு விளங்கியது, நான் செடிக்காக அங்கே நிற்கவில்லை. எனக்குப் போகவேண்டும். எப்படியாவது போகவேண்டும். இந்த வீட்டில் இப்படி இன்னொரு மாரியைத் தனியாகப் பார்க்க எனக்குப் பலமில்லை.

ஆற்றுவாயை வெட்டினார்கள். ஒரு பகலுக்குள் தண்ணீர் கல்லை விட்டு இறங்கி, சேற்றுக் கோடு ஒன்றை மட்டும் விட்டுப்போனது. மீன்காரர் முகம் தொங்கிப்போயிருந்தது, நான் அவர்களுக்கு முன்னால் சிரிக்காமல் நடந்தேன்.

மாரி கழிந்து வானம் வெளுத்த பிறகு, தகரத்தைக் கழற்றினேன். சில நாட்களில் செடியின் நடுவிலிருந்து மெல்லிய காம்பு ஒன்று எழும்பியது. நுனியில் ஒரு கதிர், ஊதா நிறம். எங்கள் மண்ணில், எங்கள் மாரிக்குப் பிறகு. பாஸ்போட்டும் வந்து அலுமாரிக்குள் இருந்தது. நான் தலை வாரி, நல்ல சாரி ஒன்று கட்டிக்கொண்டு, செடிக்குப் பக்கத்தில் இருந்து மகளுக்கு வீடியோ கோல் எடுத்தேன்.

அவள் எங்கோ நடந்துகொண்டிருந்தாள். படம் ஆடியது.

“மகள், தப்பிட்டு!” என்றேன். “பூவும் வந்திட்டு!”

“என்னம்மா தப்பிட்டு?”

“செடி.”

“எந்தச் செடி அம்மா?”

சொல்ல எவ்வளவோ இருந்தது. தகரம், மீன் செதில், முதல் வரிக் கல், படமெடுக்கிறபோது அடக்கிய சிரிப்பு. போனைத் திருப்பிச் செடியைக் காட்டினேன்.

“ஐயோ, வடிவா இருக்கே! போட்டோ எடுத்து அனுப்புங்க. அம்மா, நான் பஸ் ஏறப்போறன், ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறன், சரியா?”

“சரி மகள். கவனமாப் போ.”

அவள் கெட்டவள் இல்லை. அவளுடைய நாளில் அவ்வளவு வேலை. நான் சொன்னதை ஒரு பகிடியாக எடுத்து, சிரித்து, மறந்திருக்கிறாள். பகிடியாகத்தானே நானும் சொன்னேன். எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. நல்ல சாரியோடு அத்திவாரக் கல்லிலேயே குந்திவிட்டேன்.

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரி பேசனோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

“செடி தப்பிட்டுத்தானே மிஸ்ஸி” என்றாள். “எப்ப போறீங்க?”

எனக்குத் திடுக்கென்றது. மகளிடம் நான் சொன்ன சொல்லை மகள் மறந்துவிட்டாள், இவள் வைத்திருக்கிறாள்.

“நான் போகல்ல” என்றேன்.

“மெய்யாவா?”

“ஓம். அங்க ஒருத்தரும் கூப்பிடல்ல.”

அவள் பேசனைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள், முகத்தையும் துடைத்தாள்.

“மிஸ்ஸி, நான் அண்டைக்குப் பாவமெண்டு ஊத்தல்ல. தண்ணி ஊத்தினாச் செத்துப்போகும் எண்டு உங்கட மகள் சொன்னது எனக்கும் கேட்டிச்சு. அது செத்தா நீங்க போகமாட்டீங்கதானே எண்டுதான் ஊத்தினன்.”

கோபம் வரவேண்டிய இடம். வந்தது. கூடவே அழுகையும் வந்ததால் எதைக் காட்டுவது என்று தெரியவில்லை. இத்தனை வருடமாக என்னோடு பேச ஆளில்லை, ஆளில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது இவள் நின்ற வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்துதான்.

“இனி ஊத்தாத” என்றேன்.

“நீங்கதான் போகல்லையே, மறுகா நான் என்னத்துக்கு ஊத்துறன்?” என்று சொல்லிவிட்டு, பேசனைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் கறிவேப்பிலைக்கு ஊற்றினாள்.